ஏகலைவனுக்கு யார் இருந்தார்?

வித்தை கற்கக் குரு வேண்டியதில்லை என்பதற்கு மகாபாரதமே சாட்சி. துரோணர் ஏற்க மறுத்த வேடர்குலச் சிறுவன் ஏகலைவன், காட்டில் அவருடைய மண்ணுருவத்தை வைத்துத் தானே பயின்று, அருச்சுனன் மனம் கலங்கும் அளவுக்கு வில்லாளி ஆனான். இன்று ஓர் ஓட்டக்காரியின் காலடியைக் கேமராவும் கணினியும் எந்தப் பயிற்சியாளரின் கண்ணைவிடவும் நுட்பமாக அளந்து விடுகின்றன. பிறகு குரு எதற்கு? கதையின் மிச்சத்தில் பதில் இருக்கிறது. குருதட்சிணையாகத் துரோணர் அவன் கட்டைவிரலைக் கேட்டபோது, கொடுக்காதே என்று சொல்ல அவனருகில் ஒருவரும் இல்லை. அருச்சுனனுக்கு நிகர் எவரும் இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கப்பட்ட காணிக்கை அது. வித்தையைத் தர மண்பொம்மை போதும். ஒரு பிள்ளையின் வாழ்வுக்குப் பொறுப்பேற்க உயிருள்ள மனிதர் வேண்டும். குருவின் நிலைத்த மதிப்பு அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்திய விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கென 1985-இல் தொடங்கிய விருதுக்குத் துரோணரின் பெயரையே வைத்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை முதன்முதலில் பெற்றவர்களில் ஒருவரான ஓ.எம். நம்பியார் வேறு வகை மனிதர். விமானப்படையில் இருந்தவர், கேரளத்தில் சிறுமி பி.டி. உஷாவைக் கண்டெடுத்து வளர்த்தவர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றபோது அவரை அதற்குத் தயார்செய்தார். உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார், வெண்கலம் 55.41-க்குப் போனது. ஒரு வாழ்நாளையே கசக்கிவிடக்கூடிய இழப்பு. எந்தக் கருவியும் அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். அடுத்த காலையும் மைதானத்துக்கு வா என்று அழைக்க ஓர் ஆள் வேண்டும். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் உஷா 5 தங்கம் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4. பின்னாளில் தாமே ஒரு தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூகா 2014 ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நம்பியாருக்குரிய குருதட்சிணை அந்த மாணவிக்குப் போய்ச் சேர்ந்தது என்றே சொல்வேன்.

இவ்வளவு பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்தால் அது ஆதிக்கமாக மாறாதா என்று கேட்கலாம். மாறும், பல இடங்களில் மாறியும் இருக்கிறது. புத்தர் தமக்குப் பின் எவரையும் குருவாக அமர்த்தாமல், தாம் போதித்த தம்மமே வழிகாட்டும் என்று தம் சீடர் ஆனந்தரிடம் சொன்னதாகப் பௌத்த மரபு கூறுகிறது; சீடர்கள் ஓர் ஆளைப் பற்றிக்கொண்டு நிற்பதன் ஆபத்தை அவர் அறிந்திருக்க வேண்டும். ஆகவே குருவை அளக்க ஒரே கேள்வி போதும்: மாணவர் விலகிப் போக முடிகிறதா? பாட்மின்டன் வீராங்கனை சாய்னா நேவால் 2014-இல் தம் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்தை விட்டுப் பெங்களூருவில் விமல் குமாரிடம் சேர்ந்தார். 2015-இல் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அந்தப் பிரிவு தம்மை வருத்தியதாகக் கோபிசந்தே பின்னர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் 2017-இல் சாய்னா ஐதராபாத் திரும்பியபோது அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார். மறு ஆண்டு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் இறுதி ஆட்டத்தில் சாய்னா, அதே கோபிசந்தின் மாணவி சிந்துவை வென்று தங்கம் பெற்றார்.