கள்ளாமையும் கணினிப் பாடமும்



வள்ளூரில் வாழும் நம் இல்லங்களிலும் கணினி நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். வீட்டுப்பாடமாகத் தரப்பட்ட நிரலை நண்பனிடம் பெற்று, மாறிகளின் பெயர்களை மட்டும் மாற்றித் தமதென ஒப்படைப்பவர் உண்டு. "நண்பனே மனமுவந்து தந்தான், இதில் களவு எங்கே?" என்பது அவர்கள் வினா.

கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு என நம் ஆகமம் வரையறுக்கிறது. நண்பன் நிரலைக் கொடுத்தான், மெய்யே. மதிப்பெண்ணை ஆசிரியர் அவரவர் உழைப்புக்கன்றோ கொடுக்கிறார்? கொடுக்கப்படாத பொருள் அந்த மதிப்பெண்தான். ஆசிரியர் விலக்கியிருக்கையில் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கினாலும் இதே நியாயம்.

கொடுத்தவனும் தப்பவில்லை. கள்ளாமை அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் காட்டுகிறது. களவுக்குத் தூண்டுதல் முதலாவது. களவுப் பொருளை ஏற்றல் இரண்டாவது. போலியை மெய்யென வழங்கல் ஐந்தாவது. மாறிகளின் பெயரை மாற்றுவது இந்த ஐந்தாவதே. 1994 இல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய 'மாஸ்' என்னும் மென்பொருள், பெயர்கள் மாறினும் நிரல்களின் ஒப்புமையைக் காட்டிவிடும். ஆயினும் கருவிக்கு அஞ்சிக் காப்பது விரதமாகாது.

பிறரிடம் கேட்கவே கூடாதா? பாடவிதி இடந்தரும் அளவுக்குக் கேட்கலாம். ஞானத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்று அநிஹ்நவம். கற்பித்த குருவையும் நூலையும் மறைக்காதிருத்தல். இப்பகுதியை இன்னாரிடம் கேட்டறிந்தேன் என நிரலின் தலைப்பில் ஒருவரி எழுதுவது அதுவேயாம். மறைத்தலோ ஞானாவரணீய கருமம் வந்து சேரும் வாயில். மதிப்பெண் குறைவுக்கு அஞ்சும் பெற்றோர் பலர். அறிவை மறைக்கும் வினைக்கு அஞ்சுவோர் சிலரே.

சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் வாரப் பயிற்சிகளை வீட்டிலிருந்தே ஒப்படைக்கலாம். தேர்வையோ மையத்துக்கு நேரில் வந்து எழுதவேண்டும். படியெடுத்தவன் அங்கே தனித்து அமர்வான். அங்கும் எப்படியோ தேறிவிட்டால்? நம் ஊர் அனல்மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் அலகுகள் மூன்று. கொதிகலனின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணினிகள் கண்காணிக்கும் இடம் அது. அத்தகைய பணிக்குக் கல்லாதவன் நிரல் எழுதினால், அங்கு உழைப்போர் உயிருக்கே ஊறு நேரலாம். பிரமாதம், அதாவது விழிப்பின்மை, இம்சைக்கு வித்தாவது இப்படித்தான்.

ஏற்கெனவே பிழைத்தவருக்கு வழியென்ன? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 'சி.எஸ்.50' என்னும் பாடத்தில் 2014 இல் ஒரு விதி சேர்த்தனர். குற்றம் செய்த மாணவர் 72 மணி நேரத்துக்குள் தாமே வந்து ஒப்புக்கொண்டால், அப்பாடத்தின் அளவிலேயே தண்டனை முடியும். பல்கலைக்கழக ஒழுங்கு அவைக்குச் செல்லாது. குருவின் முன் குற்றத்தை மறையாது உரைக்கும் ஆலோசனையையும், அதினின்று மீளும் பிரதிக்கிரமணத்தையும் அறிந்த நமக்கு இது புதிதன்று. அவ்வாறு உரைத்தவருக்கும் அந்தப் பயிற்சிக்குச் சுழியமே கிடைக்கலாம். அதனை ஏற்க உங்கள் பிள்ளை முன்வரும் நாளில், சிராவக சிராவகியரே, கடிந்துரையாமல் உடன்சென்று ஆசிரியரைக் காணுங்கள்.