சந்து விட்ட எழுத்து

எங்கள் தெருமுனை வெள்ளைச் சுவரில் ஒரு பெயிண்டர் சிவப்பில் ‘மண்டபம்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். நீலப்பொடி தோய்த்த நூலின் ஒரு முனையைப் பையன் பிடிக்க, இவர் சுண்டிவிட்டு மேலும் கீழும் கோடு போட்டிருந்தார். எழுத்து ஆள் உயரம் வேண்டுமாம். சுவரில் மிச்சம் இருந்ததோ எட்டடிதான். வேறு வழி? அகலத்தைக் குறுக்கினார். ம, ட, ப மூன்றும் பெட்டி பெட்டியாய், மூலை மடங்கி நின்றன. “இதெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும் சார். இந்த ‘ண்’தான் அடம் பிடிக்கும்” என்றார்.

உரக்கப் பேசும் எழுத்துக்குத் தாராளமான இடம் கிடைத்திருக்கும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இடம் இருப்பவன் ஏன் கத்த வேண்டும்? தூரத்துக்கும் தெரிய வேண்டும், அகலமும் கிடையாது என்ற நெருக்கடியில்தான் ஒடுங்கித் தடித்த எழுத்துகள் பிறக்கின்றன. ஆங்கிலத்துக்காவது குரல் உயர்த்தப் பெரிய எழுத்து என்று ஒரு வரிசை இருக்கிறது. நமக்கு அது இல்லை. தடிமன்தான் தமிழின் தொண்டை.

இங்கிலாந்தின் ஜெஃப்ரி லீ வரைந்த ‘இம்பாக்ட்’ எழுத்துருவும் இந்த ஒடுங்கித் தடித்த ரகம்தான். 1965இல் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் அதை உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. கொடுத்த அளவுக்குள் எவ்வளவு மை அப்ப முடியுமோ அவ்வளவும் அப்பிய எழுத்து அது. தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் பிறந்தது. 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென்று இலவசமாகத் தந்த எழுத்துருக்களில் இதுவும் சேர்ந்தது. பிறகு மீம் போடுகிறவர்கள் கையில் சிக்கி, கறுப்பு ஓரம் கட்டிய வெள்ளை எழுத்தாகப் பூனைப் படங்களின் தலையிலும் காலிலும் ஏறிக்கொண்டது. அதில் தப்பில்லை; எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் படிக்க வருகிறதே.

ஆனால் அந்த மாதிரி எழுத்தைச் சின்னதாக்கிப் பத்தி பத்தியாக அடித்தால் கதை வேறு. ஒருமுறை வீட்டு விசேஷ அழைப்பிதழ் முழுவதையும் தடித்த எழுத்திலேயே அடிக்கச் சொன்னேன். கம்பீரமாக இருக்கும் என்று நினைப்பு. சுழிகளெல்லாம் மையில் அடைத்துப்போய், வந்தவர்களில் பாதிப் பேர் போன் போட்டு விலாசம் கேட்டார்கள்.

‘ண்’ணின் சுழிகளுக்குள் பெயிண்டர் தூரிகையைத் திருப்பிய நிதானம் அந்த அழைப்பிதழ் நினைவுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. “உள்ளே சந்து விடணும் சார். இல்லேன்னா ரோட்டுலேருந்து பாத்தா வெறும் கட்டை.” சிவப்பு எவ்வளவு கனத்தாலும், அதை எழுத்தாக்குவது நடுவே விட்டுவைத்த அந்த நாலு விரல் வெள்ளைதான். குரலை உயர்த்தத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். சந்து விடத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

கடைசிச் சுழியில் பெயிண்ட் வழிந்து அடைத்துக்கொண்டது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டிப் போய் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். திரும்பி வந்து, பையனிடம் மெல்லிய பிரஷ்ஷை வாங்கி, வெள்ளையைத் தொட்டு உள்ளே ஒரு கீற்று இழுத்தார்.