உலர்ந்த இலைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு

ஒரு புதிய செடிக்குப் பெயர் வைக்க யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. தாவரவியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். உள்ளே இருப்பவர்களிலும் பலர் இதை நின்று யோசித்திருக்க மாட்டார்கள். பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு கூடும்போதெல்லாம் திருத்தப்படும் பெயரீட்டு விதிமுறை, ஒரு பெயர் செல்லுபடியாக என்னென்ன வேண்டும் என்று பத்திரப் பதிவு அலுவலகத்தின் நுணுக்கத்தோடு சொல்கிறது. செடியின் விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். அது அச்சில் வரவேண்டும். 2012 முதல் ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் எண்ணுள்ள பிடிஎஃப் கோப்பாக வந்தாலும் போதும். 1958 முதல், அந்தப் பெயருக்கு ஆதாரமான வகை மாதிரி எதுவென்று சுட்டியாக வேண்டும். 1990 முதல், அந்த மாதிரி எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு கேட்கிற விதிமுறை, சக ஆய்வாளர்கள் படித்து ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைக்கவில்லை. யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் அதன் கேள்வி.

அப்படியானால், தாவரவியல் இதழுக்குக் கட்டுரை அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எதற்காக? விதிமுறை கேட்காவிட்டாலும் இதழ்கள் கேட்கின்றன. பதிப்பாசிரியர் முதலில் புரட்டிப் பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாதது அங்கேயே திரும்பிவிடும். மிஞ்சியது இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களிடம் போகும். பெரும்பாலும் அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. கடைசியில் சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு என்ற மூன்றில் ஒன்றைத் தாங்கிக் கடிதம் வரும். அதைத் திறந்ததும் கண் அந்த ஒரு சொல்லைத் தேடி ஓடும். கேள்விகள் பக்கம் பிறகுதான் திரும்பும். மனவருத்தம் முழுதும் இந்த வரிசையில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். தீர்ப்பை முதலில் தேடுகிறவர் முகம் தெரியாத ஒருவரை நீதிபதியாக உட்கார வைத்துவிடுகிறார். கேள்விகளை முதலில் படிப்பவருக்கு அதே ஆள் ஒரு வாசகர், மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்ட வாசகர். நல்ல மதிப்பாய்வு என்ன கேட்கும்? நெருங்கிய சிற்றினத்தின் வகை மாதிரியைப் பார்த்தீர்களா, சேகரிப்பு எண் எங்கே, ஒரே ஒரு செடியை அளந்துவிட்டு இலையின் அகலம் இவ்வளவு என்கிறீர்களே, நிழலில் வளர்ந்தால் அது மாறாதா? இவற்றில் எதுவும் நீங்கள் யார் என்று விசாரிக்கவில்லை. உங்களை மறுக்க நாளைக்கு ஒருவர் வந்தால் அவர் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் விசாரிக்கிறது. விதிமுறை வகை மாதிரியைக் கேட்பதும் இதற்காகவே. ஒருவருடைய உழைப்பின் மேல் நம்பிக்கை வைக்கலாமா என்பதற்கு, அதை எத்தனை பேர் ஏற்றார்கள் என்பதைவிட, அதைத் தவறென்று காட்ட வருகிறவருக்கு அவர் எவ்வளவு வழி விட்டிருக்கிறார் என்பது நல்ல அளவுகோல். மதிப்பாய்வாளர் அந்த வழி திறந்திருக்கிறதா என்று நடந்து பார்க்கும் முதல் ஆள்.

மாதிரிதான் சாட்சி என்றால் மதிப்பாய்வை எடுத்துவிடலாமே என்று உடனே கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்ல, புதுச்சேரியில் சில காலம் ஆசிரியராக இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இருக்கிறார். ஹெக்டர் லெவெயே 1880களின் இறுதியில் அங்கே வந்தவர். பிரான்சுக்குத் திரும்பியபின் லெ மான் நகரில் ஒரு தாவரவியல் கழகத்தை நிறுவி, இதழையும் தாமே நடத்தினார். சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளில் இருந்த மிஷனரிகள் உலர்ந்த செடிகளைக் கட்டுக்கட்டாக அனுப்பினார்கள். அவர் பெயர் வைத்தார். எழுதியவரும் அவர், பதிப்பாசிரியரும் அவர். 1918ல் அவர் இறக்கும்போது ஏறத்தாழ 2000 புதிய சிற்றினங்கள் அவர் பெயரில் நின்றன. பலவற்றுக்குச் சில வரி விவரணைதான். ஏற்கெனவே பெயருள்ள செடிகள் புதியவையாகியிருந்தன. வேறு குடும்பத்துச் செடிகள் தவறான பேரினத்தில் உட்கார்ந்திருந்தன. இவற்றை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாமே என்றால், முடியாது. 1753ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கும் முன்னுரிமை விதி, செல்லுபடியாக வெளியான பெயரை, அது எவ்வளவு அலட்சியமாக வைக்கப்பட்டிருந்தாலும், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்கிறது. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ரேடர் 1929 முதல் 1937 வரை லெவெயேயின் மரவகைப் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எடின்பரோவில் லோனர் என்பவர் 1961ல் தொடங்கிய அதே வேலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. ஒருவர் கேள்வி கேட்க ஆளில்லாமல் எழுதியதை, இருவர் பல ஆண்டுகளைச் செலவிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. உலகத் தாவரப் பெயர்களை ஒன்று திரட்டிய பட்டியலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றினப் பெயர்கள் இருந்தன. அவற்றில் ஏற்கப்பட்டவை சுமார் மூன்றரை லட்சம். மிச்சமெல்லாம் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். கடல்கடந்து கடிதம் போகவே மாதங்களான காலத்தில் ஒரே செடிக்கு இருவர் பெயர் வைத்தது குற்றமாகாது. ஆனாலும், மதிப்பாய்வாளர் ஒருவர் செலவிடும் இரண்டு நாள் யாருடைய இருபது ஆண்டை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு லெவெயேயைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

லெவெயேயின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். அவர் செடிகளைத் தூக்கி எறியவில்லை. அவருடைய சேகரிப்பு எடின்பரோ தாவரவியல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லோனரால் திருத்த முடிந்தது அதனால்தான். அவர் வைத்த பெயர்களில் சில இன்றும் நிற்பதும் அதனால்தான். ஹெர்பேரியத் தாள் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தாளின் நடுவே அழுத்தி உலர்த்திய கிளை. கீழ் மூலையில் சேகரித்தவர் ஒட்டிய விவரச் சீட்டு. முப்பது ஆண்டு கழித்து இன்னொருவர் வந்து, இது அந்தச் செடி இல்லை என்று கண்டால், பழைய பெயரை அடிப்பதில்லை, சீட்டைக் கிழிப்பதில்லை. தம் முடிவையும் பெயரையும் தேதியையும் ஒரு சிறு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுகிறார். அவரைத் திருத்த வருகிறவர் அதன் பக்கத்தில் ஒட்டுகிறார். நான்கைந்து சீட்டுள்ள தாள்கள் உண்டு. தவறியவர், திருத்தியவர், திருத்துவதில் தவறியவர் எல்லாரும் ஒரே தாளில் வரிசையாக நிற்கிறார்கள். 2015ல் ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ ஆய்வாளர்கள் இஞ்சிக் குடும்பத்து ஆப்பிரிக்கப் பேரினமான அஃப்ரமோமத்தின் 4500 மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். அண்மைக்கால ஆய்வுக்கு முன்பு அவற்றில் குறைந்தது 58 விழுக்காடு தவறான பெயரோடு இருந்தன. இதைக் கேட்டு ஹெர்பேரியத்தையே சந்தேகிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பாதிக்கு மேல் தவறு என்று கணக்கிட முடிந்ததே, அந்தத் தாள்கள் அலமாரியில் இருந்ததால்தான். வேறு எத்தனை துறைகளால் தங்கள் பிழையை இப்படி விழுக்காடு போட்டுச் சொல்ல முடியும்?

மதிப்பாய்வின் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு, வல்லுநர்கள் புதுமையைக் கொன்றுவிடுகிறார்கள் என்பது. மரபியலின் முன்னோடியான மெண்டலை இதற்கு இழுப்பார்கள். அவருடைய பட்டாணிக் கட்டுரையை யாரும் நிராகரிக்கவில்லை. 1865ல் புருன் நகர இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வாசித்தார், மறு ஆண்டு அக்கழகத்தின் இதழிலேயே அச்சானது. அதைக் கூர்ந்து படித்து அவரோடு விவாதித்த பெரிய தாவரவியலாளர் என்றால் மியூனிக்கின் நேகலி ஒருவர்தான். 1866 முதல் 1873 வரை கடிதம் போய்வந்தது. நேகலிக்குப் பட்டாணி முடிவில் நம்பிக்கை இல்லை. அவர் கரைகண்ட ஹைராசியம் என்ற பூண்டில் மெண்டல் பல ஆண்டு உழைத்தார், கண் கெடுகிற அளவுக்கு நுண்ணிய பூக்களைப் பிரித்துப் பிரித்து. ஹைராசியத்தில் பல, கருவுறாமலே விதை வைப்பவை. இது அப்போது இருவருக்கும் தெரியாது. பட்டாணியில் கண்டதற்கு நேர்மாறான முடிவு வந்தது. ஆகவே குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை: வல்லவர் தவறான செடியைக் காட்டிவிடக்கூடும், அதற்கு விலை கொடுப்பவர் எழுதியவர்தான். ஆனால் மெண்டலின் கட்டுரை பிழைத்தது எப்படி என்று பார்க்க வேண்டும். உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 என்று எண்ணி எண்ணி அச்சில் வைத்திருந்தார். 1900ல் அதே விகிதத்தைத் தனித்தனியே கண்டவர்கள், இவர் முன்பே கண்டதை உணர அந்த எண்கள் போதுமாயிருந்தன. அவர்களில் காரென்ஸ் என்பவர் நேகலியிடம் படித்தவர் என்பது வரலாற்றின் குறும்பு. 1936ல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் அதே எண்களை எடுத்துவைத்து, இவை கோட்பாட்டோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது இயல்பாக இல்லையே என்று கேட்டார். மெண்டலைக் காப்பாற்றியதும் குறுக்கு விசாரணைக்கு நிறுத்தியதும் அதே பட்டியல். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

தாமதம் பற்றிய புலம்பலுக்கு நீண்ட பதில் வேண்டாம். ஒரு செடி சேகரிக்கப்பட்டதற்கும் புதிய சிற்றினமாக அறிவிக்கப்படுவதற்கும் இடையிலான காலத்தை அளந்து 2010ல் வந்த ஆய்வில், ஐந்தாண்டுக்குள் அறிவிக்கப்பட்டவை 16 விழுக்காடுதான். ஏறத்தாழ கால்பங்கு அறிவிப்புகளில் ஐம்பது ஆண்டுக்கு மேல் பழைய மாதிரிகள் இருந்தன. மதிப்பாய்வு மாதங்களைத் தின்கிறது; ஆண்டுகளைத் தின்பது, திறந்து பார்க்க ஆளில்லாத அலமாரி. இதைவிட வலுவான முறையீடு வேறொன்று. வகை மாதிரியோடு ஒப்பிட்டீர்களா என்ற நியாயமான கேள்வி எல்லார்மேலும் ஒரே எடையில் விழுவதில்லை. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்தவற்றின் வகை மாதிரிகள் ஏராளமாக லண்டனின் கியூ தோட்டத்திலும் எடின்பரோவிலும் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் தம் காலடியில் முளைத்த செடியைப் பற்றி எழுத, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள தாளைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன என்பது உண்மை. சூலகத்தின் மேலுள்ள மயிர் படத்தில் தெரியாது என்பதும் உண்மை. கேள்வி சரியானது என்பதற்காக இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த முடியாது. படம் மட்டுமே பார்த்தேன் என்று எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லவும், அதையே காரணமாக்கிக் கட்டுரையைத் திருப்பாமல் மதிப்பாய்வாளர் ஏற்கவும் பழகினால், பாதி வழக்கு தீரும். பார்க்காததைப் பார்த்ததாக எழுத வைப்பதுதான் எல்லாவற்றிலும் கேடு.

கடைசியாக, சும்மா விட்டுவிடலாமே என்கிற நயத்தக்க ஆட்சேபம். பிழையைச் சுட்டினால் மனம் புண்படும், பெரியவரின் பெயர் கெடும், காலம் தானே திருத்திக்கொள்ளும் என்பார்கள். இது ஒருமுறை நடந்து பார்த்த யோசனை. நியூகாசில் பேராசிரியர் ஜே. டபிள்யூ. ஹெஸ்லாப்-ஹாரிசன், ராயல் சொசைட்டியின் உறுப்பினர், ஸ்காட்லாந்தின் மேற்கே ரம் தீவில் யாரும் எதிர்பார்க்காத செடிகளைக் கண்டதாக 1940களில் அறிவித்தார். பனியுகத்தையும் தாண்டிச் செடிகள் அங்கே பிழைத்திருந்தன என்ற அவர் கருத்துக்கு அவை சான்றாக அமைந்தன. 1948ல் கேம்பிரிட்ஜின் ஜான் ரேவன், தொழிலால் கிரேக்க மொழி அறிஞர், ஆர்வத்தால் தாவரவியலாளர், தீவுக்கே போய்ப் பார்த்தார். அந்தச் செடிகளில் சில அங்கே கொண்டுபோய் நடப்பட்டவை என்று முடிவுக்கு வந்தார். முழு அறிக்கையும் கிங்ஸ் கல்லூரி நூலகத்துக்குள் அடைந்தது. அடுத்த ஆண்டு நேச்சர் இதழில் அவர் வெளியிட்ட சிறு குறிப்பு, வெளியிலிருந்து வந்த செடிகள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. தாவரவியலாளர்கள் ஒருவருக்கொருவர் சாடையாகச் சொல்லிக்கொண்டார்கள். பேராசிரியரின் பதிவுகள் பட்டியல்களிலிருந்து ஓசையில்லாமல் நழுவின. விவரம் முழுதும் நூலாக வெளிவந்தது 1999ல், அரை நூற்றாண்டு கழித்து. தாளில் ஒட்டியிருக்க வேண்டிய சீட்டை எல்லாரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்ததால், பின்னால் வந்த மாணவருக்கு ஒரு செடியின் பெயர் ஏன் இருந்தது, ஏன் போனது என்று இரண்டுமே தெரியவில்லை. பேராசிரியர் 1967 வரை வாழ்ந்தார். தம்மேல் உள்ள குற்றச்சாட்டை அச்சில் படித்து, அது தவறென்று வாதாடவோ ஆமென்று ஒப்புக்கொள்ளவோ அவருக்கு ஒரு வாய்ப்பும் யாரும் தரவில்லை.