ஊழ் எங்கே தொடங்குகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் இளம் வீரர் சுருண்டு விழுந்து உயிர்விடும்போது, ‘விதி முடிந்தது’ என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அந்தச் சொல் ஆறுதல் தருமானால், அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஆறுதலையே காரணமாக எடுத்துக்கொள்ளும்போது தவறு நேர்கிறது. ஓட்டம் முடிந்து நின்றதும் வரும் மயக்கம் பெரும்பாலும் ஆபத்தற்றது. கால்களில் ரத்தம் தேங்கி, மூளைக்குச் செல்வது சற்றுக் குறைவதால் வருவது. ஓட்டத்தின் நடுவே வரும் மயக்கம் வேறு. இதயத் தசைத் தடிப்போ, மரபுவழி வரும் இதயத் துடிப்புக் கோளாறோ அதன் பின்னால் இருக்கலாம். அது முன்னறிவிப்பு. அதைப் பார்த்தும், ‘வெயில்தான், தண்ணீர் குடி’ என்று பையனை மறுபடி களத்தில் இறக்கிவிட்டு, பிறகு ஊழின்மேல் பழிபோடுவது நியாயமாகாது.

இத்தாலி 1982-இல் போட்டிகளில் இறங்குவோர் அனைவருக்கும் இசிஜியுடன் கூடிய பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள வெனெட்டோ பகுதியில், 1979-80-இல் ஆண்டுக்கு லட்சம் வீரர்களுக்கு 3.6 ஆக இருந்த திடீர் மரணம் 2003-04-இல் 0.4 ஆகக் குறைந்தது. அதே வயதில் விளையாட்டில் ஈடுபடாதவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. சட்டம் வந்ததும் தலையெழுத்து மாறிவிடுமா? இத்தாலியின் அனுபவத்துக்கு மறுப்பும் உண்டு. 1997-இல் இஸ்ரேல் கொண்டுவந்த இதுபோன்ற சட்டத்தால் மரணங்கள் குறையவில்லை என்கிறது மற்றோர் ஆய்வு. நலமான இதயத்தையும் இசிஜி சில நேரம் சந்தேகிக்கும். ஒரு பிள்ளையின் கனவு வீணாகக் கலையும். இவை நியாயமான கவலைகள்தான். ஆனால் அவை எல்லோருக்கும் இசிஜி எடுப்பதைப் பற்றியவை. ஓடும்போதே மயங்கி விழுந்தவரைப் பரிசோதித்தாக வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டவரும் விழுகிறாரே என்று கேட்கலாம். 2021 ஜூன் 12 அன்று, கோபன்ஹேகனில் பின்லாந்துடன் நடந்த கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். அங்கே ஊழுக்கு இடம் உண்டு. ஆனால் களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டார்கள். அடுத்த ஆண்டே உலகக் கோப்பையில் ஆடினார். ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஊழின் வலிமையை ஏற்பவருக்கும் முயற்சியிலிருந்து விடுதலை இல்லை. நம்மால் இயன்றதையெல்லாம் செய்த பிறகு எஞ்சுவதை மட்டுமே ஊழின் கணக்கில் எழுதலாம். பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, விளையாடும்போது மயங்கிய பிள்ளையை இதய மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை களத்துக்கு அனுப்பாதீர்கள்.