‘அவங்கள் அப்படித்தான்’ என்ற பேச்சை நிறுத்துங்கள்

2018 பெப்ரவரி 26. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. இறைச்சிக் கறியில் கிடந்த சிறு கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று சாப்பிட வந்த சிலர் சிங்களத்தில் அதட்டினார்கள். மொழி சரியாக விளங்காத காசாளர் பயத்தில் ஆமென்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அந்த வீடியோ கைபேசிகளில் பறந்தது. அன்றிரவே கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அரச பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை.

மாக்கட்டியை மாத்திரையாக்கியது கண்ணல்ல, ஏற்கெனவே முடிவெடுத்திருந்த மனம். இங்கிலாந்தில் ஹென்றி தஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளி மாணவர்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுக்களாகப் பிரித்தார். தங்களுக்குள் எந்தப் பகையும் இல்லாத அந்தப் பிள்ளைகள் காசு பங்கிடும்போது தம் குழுவுக்கே கூடக் கொடுத்தார்கள். அந்த முடிவை 1970இல் வெளியிட்டார். அப்படியென்றால், யுத்தத்தைக் கண்ட நமக்குள் எவ்வளவு பக்கச்சார்பு இருக்கும்!

கல்முனை முஸ்லிம் மக்களே, மற்றவனின் மனதை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. நம்மாள் களவெடுத்தால் ‘அவன் ஒரு மாதிரி’ என்கிறோம். அடுத்த ஊர்த் தமிழர் எடுத்தால் ‘அவங்கள் அப்படித்தான்’ என்கிறோம். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஒன்பது நாள் கழித்து வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதை எத்தனை வீடுகளில் சொல்கிறோம்? அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றச்சாட்டு இருப்பதை எத்தனை பேர் வாய்திறந்து பேசுகிறோம்?

2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த தீவிரவாதிகளைப் பற்றிப் பாதுகாப்புப் படைக்குத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்களே. அதன் பிறகும் பர்தா அணிந்த பெண்ணை ஊரூராகச் சந்தேகக் கண்ணால் பார்த்தார்கள். அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று தெரிந்த நாமே அதே கண்ணால் அயல் தமிழ் ஊர்களான பாண்டிருப்பையும் காரைதீவையும் பார்க்கலாமா? இத்தனைக்கும் தாய்வழிக் குடி முறை இரு பக்கமும் உண்டு, மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பாவும் அப்பாவும் படும் பாடும் ஒன்றுதான்.

கொண்டுவரப்படும் செய்தியை விசாரியுங்கள், பட்டப்பெயரால் இழிவு செய்யாதீர்கள் என்று குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஜும்ஆவில் அதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் வதந்தியை அனுப்புகிற விரல் யாருடையது?

தமிழரோடு நமக்குள்ள பிரதேச செயலகப் பிரச்சினையில் உரிமைக்காக வாதாடுங்கள், ஆனால் ஓர் இனத்தையே ஏசாதீர்கள். ஆதாரமில்லாத செய்தி வந்தால் அனுப்பியவரிடமே ‘எங்கே கேட்டீங்க?’ என்று கேளுங்கள். பிள்ளை முன்னால் ‘அவங்கள்’ என்று தொடங்கும் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள்.