காட்டும் கருவியும் கட்டும் கருவியும்

விரற்கணுவளவு நீளமுள்ள ஒரு சிறு எலும்புத் துண்டு. அதன் இரு முனைகளிலும் பல் பதிவதற்கேற்ற பள்ளம். முன்வாயின் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே அதனை நிறுத்திவிட்டால், தாடையை மூட முடியாது. வாய் திறந்தபடியே நிற்கும். அந்த நிலையில் சொற்களை ஒலித்துப் பழக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் நாடகப் பள்ளிகளில் குரற்பயிற்சி அளித்தோர் இச்சிறு கருவியைக் கையாண்டனர். பாட்டாசிரியர் சிலர் போத்தல் தக்கையைப் பல்லிடுக்கில் வைத்து இதே பயிற்சியை அளித்ததுண்டு. எலும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கால் ஆன கருவிகள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

இதன் நோக்கம் எளிது. பலர் தாடையை இறுக்கிக்கொண்டு பாடுகின்றனர். தாடை அசைவதாலேயே சொல் பிறக்கிறது என எண்ணி, நாவையும் இதழையும் சோம்பியிருக்க விடுகின்றனர். தாடையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், நாவும் இதழும் தம் தொழிலைத் தாமே செய்தாக வேண்டும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மாணாக்கர் அஞ்சியோ ஆர்வ மிகுதியாலோ அதனை இறுகக் கடித்துவிட்டால், எந்தத் தசையைத் தளர்த்த வேண்டுமோ அந்தத் தசையே மேலும் இறுகிப்போகும். வாயைத் திறக்கப் புகுந்த கருவி தாடையைப் பூட்டிவிடும்.

அற்பமான பொருள்தானே, இதில் அறநெறிக் கேள்வி எங்கே இருக்கிறது என வாசகர் வினவலாம். ஒருவரது வாயினுள் இன்னொருவர் ஒரு பொருளை வைத்து, இதுவே சரியான நிலை என்கிறார். அவ்வாறு கூறும் உரிமை எங்கிருந்து வந்தது? எந்த எல்லையோடு அது நிற்க வேண்டும்? கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நம் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி இது. இலண்டனின் நாடகப் பள்ளிக்கு மட்டுமன்று, திருகோணமலையின் வடக்கே புல்மோட்டை வீதியில் உள்ள திரியாய் போன்ற ஓர் ஊரின் பாடசாலைக்கும் அது பொருந்தும். நகரத்து இசைப்பள்ளியின் வாசலை மிதிக்காத ஒரு சிறுமி அங்கே பாட விரும்பினால், அவள் வாயை யார், எதற்காக, எவ்வாறு திருத்துவது?

இக்கேள்விக்கு இரண்டு அவசர விடைகள் உள்ளன. இசை குருவின் வாயிலிருந்து சீடரின் செவிக்கு வருவது, அதனிடையே கருவிக்கு இடமில்லை, இத்தகைய யந்திர முறைகள் மேனாட்டாரின் பித்து என்பது ஒன்று. விஞ்ஞானம் கண்டதை மறுப்பது பழமைவாதம், கருவி சொல்வதே சரி என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல.

வாயின் நிலையைக் கவனிப்பது மேனாட்டுச் சரக்கன்று. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர், தமது சங்கீத ரத்னாகரத்தில் பாடகருக்குரிய குற்றங்கள் 25 எனக் கணக்கிட்டுள்ளார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது, அச்சந்தரும் வகையில் வாயை அகலப் பிளந்து பாடுவது, கழுத்தைக் கோணுவது, கண்ணை மூடிக்கொள்வது, மூக்கால் பாடுவது ஆகியன அவற்றுள் அடங்கும். அதற்கும் முன்பே தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் நா, இதழ், பல், அண்ணம் முதலிய எந்த உறுப்பின் எத்தொழிலால் பிறக்கிறது என வகுத்திருக்கிறது. உடலை உற்று நோக்கி, காரணம் கண்டு, பெயரிட்டுச் சொல்லும் மரபு நம்முடையதும் ஆகும். ஆகவே குருவின் பெயரால் ஆராய்ச்சியை மறுப்போர், தாம் காப்பதாகக் கூறும் மரபையே அறியாதவராவர்.

எனினும், ஆராய்ச்சி வேறு, ஆணை வேறு. இந்த வேறுபாட்டை விளக்க ஒரு பழைய கிரேக்கக் கதை உதவும். ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமொஸ்தனிஸ் இளமையில் தெளிவாகப் பேச இயலாதவர். அவர் வாயில் கூழாங்கற்களை வைத்துப் பேசிப் பழகியதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஆனால் அதே வரலாற்றை எழுதிய புளூட்டார்க், அவர் வீட்டில் ஒரு பெரிய கண்ணாடியின் முன் நின்று பேசிப் பழகினார் என்றும் குறித்துள்ளார். கல் நினைவில் நின்றது, கண்ணாடி மறந்துபோயிற்று. துன்பப்பட்டால்தான் கல்வி வரும் என்னும் நம்பிக்கை நம்முள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

கல் வாயைத் தடுக்கிறது. கண்ணாடி வாயைக் காட்டுகிறது. கருவிகளை நாம் பிரித்தறிய வேண்டியது இந்த அடிப்படையிலேதான். எலும்பா பிளாஸ்டிக்கா, உள்நாடா வெளிநாடா என்பது பொருட்டன்று. ஒருவருக்குத் தம் வாயைத் தாமே அறியக் கற்பிப்பது காட்டும் கருவி. அறிவுக்கு இடந்தராமல் வாயை ஒரு வடிவில் நிறுத்துவது கட்டும் கருவி.

காட்டும் கருவியின் வரலாற்றில் மானுவேல் கார்சியாவின் பெயர் சிறப்புடையது. ஸ்பானியப் பாடகர் குடும்பத்தில் 1805இல் பிறந்து, மேடைப் பாட்டை இளமையிலேயே கைவிட்டுப் பாட்டாசிரியரானவர் அவர். 1854இல், நீண்ட காம்புள்ள ஒரு சிறு பல்மருத்துவக் கண்ணாடியைத் தொண்டையினுள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பி, பாடும்போது தம் குரல்வளை எவ்வாறு இயங்குகிறது எனத் தாமே கண்டார். மறு ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அதனை அறிவித்தார். அவர் தொடங்கிய முறையைப் பின்னர் மருத்துவ உலகம் வளர்த்தெடுத்தது. முதலில் வேறொருவர் தொண்டையில் அல்லாது தம் தொண்டையிலேயே அக்கருவியை வைத்துப் பார்த்தார் என்பதை ஆசிரியரான நாம் மனங்கொள்ள வேண்டும்.

கட்டும் மனப்போக்கு எதுவரை செல்லும் என்பதையும் சரித்திரம் காட்டுகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியில், சிறுவரின் மென்குரல் உடையாதிருக்க வேண்டும் என்பதற்காக அவர்களது ஆண்மையையே அறுத்தனர். அவருட் பலர் வறிய குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு சிலர் அரசவைகளில் பொன்னும் புகழும் பெற்றனர். பெரும்பாலோர் பெயரற்றுப் போயினர். அம்மரபின் கடைசிப் பாடகருள் ஒருவரான அலெசாந்திரோ மொரெஸ்கி 1922 வரை வாழ்ந்தார். அவரது குரல் 1902இலும் 1904இலும் இசைத்தட்டில் பதிவாயிற்று. கேட்போர் செவிக்கு இன்பம், பாடுவோர் உடலுக்கு நாசம். அதனைச் செய்தோர் கலையின் பெயரைச் சொன்னார்கள். கலை என்ற சொல்லைக் கேட்டவுடன், யாருடைய உடல், யாருடைய இன்பம் என நாம் கேட்டுப் பழக வேண்டும்.

பாட்டுலகுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகை மொழியை ஒதுக்கி, வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. வாக்களித்தோருள் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்களே. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கண்ணாடி முன் நிறுத்தப்பட்டு, தமக்குக் கேளாத ஒலிகளுக்கு ஏற்ப வாயை வளைக்கப் பழக்கப்பட்டனர். அவர்களது கைகள் பேசிய மொழியோ வகுப்பறையில் தடுக்கப்பட்டது. 2010இல் வன்கூவரில் கூடிய மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அதற்கு 130 ஆண்டுகள் சென்றன. கண்ணாடியும் கட்டும் கருவியாக மாறக்கூடும் என்பதை இதிலிருந்து உணர்கிறோம். யாருடைய நோக்கத்துக்காக ஒருவர் அதன் முன் நிற்கிறார் என்பதே கருவியின் தன்மையைத் தீர்மானிக்கிறது.

இனி, சரியான வாய் எது என்ற கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு சரியான வாய் உண்டு என எண்ணுவது பிழை. மட்டக்களப்புப் பகுதியில் வட்டக்களரியில் விடிய விடியக் கூத்தாடுவோர், சுற்றிலும் அமர்ந்திருக்கும் மக்கள் அனைவருக்கும் கேட்கும்படி, திறந்தவெளியில், ஆடியபடியே பாட வேண்டும். அத்தொழிலுக்கேற்ற தொண்டையும் வாயும் அவருக்கு அமைந்தன. ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து மெல்லப் பாடும் சபைப் பாடகருக்கு அவ்வாய் வேண்டுவதில்லை. அதனால் கூத்தரின் வாய் கரடானது, சபையாரின் வாய் பண்பட்டது என்று முடிவு கட்டலாமா? ஒலிபெருக்கி இருக்கிறதா இல்லையா என்பதிலிருந்து பிறந்த வேறுபாட்டை, சிலர் பிறப்பிலிருந்து வந்த வேறுபாடாக்கிவிடுகின்றனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களைப் புதிய மேடைக்கு ஏற்ப அமைத்தளித்தபோது, படித்த வகுப்பினர் பலர் தம் நாட்டின் குரலை மதிப்போடு கேட்கத் தலைப்பட்டனர். கேட்கும் செவியும் திருந்த வேண்டியிருந்தது என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

திரியாயின் வரலாறு இதற்கும் ஆழமான ஒன்றைச் சொல்கிறது. அவ்வூரின் குன்றில் ஒரு பழைய பௌத்தச் சைத்தியமும், ஏறத்தாழ 7, 8ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் ஒரு பாறைக் கல்வெட்டும் உள்ளன. மொழி சமஸ்கிருதம், எழுத்தோ தென்னகக் கிரந்தத்தைச் சார்ந்தது, அதில் பேசப்படுவோர் கடலோடிய வணிகர். கல் அவர்தம் சொல்லைக் காத்துத் தந்தது. அச்சொற்களை உரைத்த வாய் எவ்வாறு திறந்தது, குரல் எங்கே உயர்ந்தது என்பதைக் கல்லால் காக்க இயலவில்லை. அந்தக் காவல் வாழும் மனிதராலேயே கூடும்.

1980களில் போர் அவ்வூரை எரித்தது, மக்கள் பெயர்ந்தனர், பல ஆண்டுகள் கழித்தே ஒரு பகுதியினர் திரும்பினர். எழுதப்படாத பாட்டு, தாயின் வாயைப் பார்த்துப் பிள்ளையின் வாய் பழகுவது. வயலில் ஒருவர் தொடங்க மற்றவர் ஏற்றுப் பாடுவது. ஊர் சிதறினால் அந்தப் பார்வை அறுந்துபோகிறது. மக்கள் தம் மண்ணில் அச்சமின்றிக் கூடி வாழும் வாழ்வே பாடும் வாய்க்கு முதற்கருவி. அதனைப் பறித்துவிட்டு, எத்துணை நுட்பமான கருவியைக் கொடுத்தாலும் பயனென்ன?

இவ்வாறு கூறுவதால், திரியாய்ச் சிறுமிக்குப் பயிற்சியே வேண்டாம், இயற்கையாய் வருவது போதும் என நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. அது ஏழைக்கு ஏழ்மையே அழகு என்னும் பழைய ஏமாற்று. தாடை இறுகிய பிள்ளைக்கு அதனைத் தளர்த்தக் கற்பிப்பது அவளுக்குச் செய்யும் நன்மையே. நகரத்துப் பிள்ளைக்குக் கிட்டும் அறிவு அனைத்தும் அவளுக்கும் உரியது. ஒரு கைக்கண்ணாடிக்கு அதிகச் செலவில்லை. இன்று கைப்பேசியின் கமெராவும் கண்ணாடியாகிறது. பாடும் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் செயலிகளும் உள்ளன. ஆனால் 1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூன் போன்றவை பிழைத்த சுரத்தைத் தாமே திருத்திக் கொடுத்துவிடுகின்றன. முன்னவை கற்பிக்கின்றன, பின்னது கற்க வேண்டிய தேவையையே மறைக்கிறது. விற்பனைக்குரிய பாட்டுக்கு அது உதவலாம். வளரும் பிள்ளைக்கு உதவாது.

எலும்புத் துண்டை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. சில வேளைகளில், சில நிமிடங்களுக்கு, அதுவும் பயன்படக்கூடும். அப்போது ஆசிரியர் மூன்றை எண்ணிப் பார்க்கட்டும். எதற்காக இது என்பதை மாணாக்கருக்கு அவர் அறியும் சொல்லில் விளக்கியிருக்கிறோமா? வேண்டாதபோது அதனை எடுத்துவிடும் உரிமை மாணாக்கரின் கையில் இருக்கிறதா? இது இல்லாமலே பாடும் நாளை நோக்கித்தான் இதனைத் தருகிறோமா? மூன்றுக்கும் ஆம் என விடையிறுக்க முடிந்தால், கட்டும் கருவியும் காட்டும் கருவியாகிவிடும். முடியாவிடின், வெறும் கண்ணாடியும் விலங்காகும்.

வாய் திறந்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. தெளிவாகப் பேசக் கற்ற டெமொஸ்தனிஸ் ஏதென்ஸின் மக்களவையில் சுதந்திரத்தைப் பற்றி முழங்கினார். ஆனால் அவர் தந்தையார் வைத்திருந்த பட்டறைகளில் வாள் செய்தோரும் கட்டில் செய்தோரும் அடிமைகள். அவர்களுக்கு அவையில் இடமில்லை. வழக்குமன்றத்தில் அவர்களது சாட்சியம் சித்திரவதையின் பின்னரே ஏற்கப்பட்டது. அவர்கள் வாயில் எக்கல்லும் இருக்கவில்லை. எனினும் அவர்களால் பேச முடியவில்லை. நம்மிடையேயும், 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் தோன்றியபோது, பாடப்படும் சொல் கேட்கும் மக்களுக்கு விளங்க வேண்டாமா என்ற எளிய கேள்விக்கே எத்துணை எதிர்ப்பு எழுந்தது!

வாயின் நிலையைத் திருத்துவது ஆசிரியரின் தொழில். திருந்திய வாய் தன் மொழியில், தன் மக்களுக்கு, தான் எண்ணியதைப் பாடுவதற்குத் தடையில்லாத சமுதாயத்தை ஆக்குவது அனைவரின் தொழில். முதலாவதைச் செய்வோர் இரண்டாவதை மறந்தால் அழகிய கிளிகளைத்தான் வளர்ப்பர். இரண்டாவதைப் பேசுவோர் முதலாவதை இகழ்ந்தால், மக்களின் குரல் என்று மேடையில் முழங்கிக்கொண்டே, பாட விரும்பிய பிள்ளையைக் கற்பிப்பாரின்றி விட்டுவிடுவர். ஆசிரிய நண்பர்களும் மாணவத் தோழர்களும் இவ்விரு பிழைகளையும் விலக்கி நடப்பாராக.