கேட்டு வாங்கு அந்த வேலையை!

"படிக்க அனுப்பினோமா, புத்தகம் அடுக்க அனுப்பினோமா?"

ஊரிலிருந்து போனில் இப்படி ஒரு குரல் வரும் என்று பயந்தே எத்தனையோ பிள்ளைகள் நூலகத்தில் கிடைக்கிற மணிக்கணக்கு வேலையைக் கைவிட்டுவிடுகிறார்கள். கொல்கத்தாவில் படிக்கும் தம்பி, தங்கச்சி, உனக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ ஜாதவ்பூரில் இருக்கலாம், காலேஜ் ஸ்ட்ரீட்டில் இருக்கலாம். மாதக் கடைசியில் மெஸ் பாக்கியை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கலாம். வீட்டில் பணம் கேட்க மனசு வரவில்லை. வெளியில் வேலை கேட்க வாய் வரவில்லை. வறுமையைவிட இந்தக் கூச்சம்தான் உன்னை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதை இன்றைக்கே உதறு. அலமாரிக்கு முன்னால் நின்று கூலிக்குப் புத்தகம் அடுக்கிய ஒரு மாணவன் உலகத்துக்கு என்ன கொடுத்தான் என்று சொல்கிறேன், கேள்.

1872. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி. படிப்புச் செலவைச் சமாளிக்க ஒரு மாணவன் கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் காலத்தில் பல நூலகங்களில் புத்தகத்துக்கு எண் கொடுத்தது அது இருந்த இடத்தை வைத்து. இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு, இத்தனையாவது புத்தகம். புதிய புத்தகங்கள் வந்து தட்டு நிரம்பிவிட்டால் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்; நகர்த்தியவற்றின் எண்களை எல்லாம் மறுபடி எழுத வேண்டும். அந்த வீண் உழைப்பை அவன் கிட்ட நின்று பார்த்தான். பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை. அலமாரிக்குக் கொடுக்கும் எண்ணைப் புத்தகம் பேசும் பொருளுக்குக் கொடுத்தால் என்ன? பொருள் விரிய விரிய, தசமப் புள்ளிக்குப் பின்னால் எண்ணை நீட்டிக்கொண்டே போகலாமே! 1873 மே மாதம் அந்தத் திட்டத்தை எழுதிக் கல்லூரியின் நூலகக் குழுவிடம் கொடுத்தபோது அவனுக்கு வயது 21. 1876இல் அது 44 பக்கச் சிறு நூலாக அச்சேறியது. மெல்வில் டியூயி என்ற அந்த மாணவன் போட்ட எண்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் புத்தகங்களின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மாணவனின் பகுதிநேர வேலையில் பிறந்தது அது. அவனிடமும் யாராவது கேட்டிருப்பார்கள், படிக்க வந்தாயா அடுக்க வந்தாயா என்று. அவன் இரண்டுக்கும்தான் வந்திருந்தான்.

இப்போது அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார். திரும்பி வந்த புத்தகங்கள் டிராலியில் குவிந்திருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். 510 என்றால் கணிதம், 530 என்றால் இயற்பியல். டியூயி முறையில் அடுக்கும் எந்த நூலகத்திலும் வங்க இலக்கியம் 891.44, தமிழ் இலக்கியம் 894.811. தாகூரை உரிய இடத்தில் வைத்துவிட்டு அதே வரிசையில் கொஞ்சம் நடந்தால் புதுமைப்பித்தன் வந்துவிடுவார். எண்ணைத் தவறாகப் பார்த்து ஒரு தட்டு தள்ளி வைத்துவிட்டாயானால் அந்தப் புத்தகம் தொலைந்ததற்குச் சமம். கணினித் திரையில் அது இருக்கும். கேட்டு வந்தவர் கைக்குக் கிடைக்காது. அதனால்தான் வரிசை வரிசையாக நின்று எண்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். முதல் வாரம் கால் வலிக்கும், தூசியில் தும்மல் வரும், சலிப்பாகக்கூட இருக்கும். விடாதே! மூன்றாம் மாதம் பார், மனித குலம் இதுவரை யோசித்ததெல்லாம் எந்தெந்தத் தட்டில் இருக்கிறது என்று உன் கால்களுக்கே தெரிந்திருக்கும். வகுப்பில் உன் பாடத்தைத்தான் சொல்லித் தருவார்கள். உன் பாடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த அலமாரி சொல்லித் தரும். பொருளாதாரம் படிக்கிறவள் சட்டப் புத்தகத்தை அடுக்கும்போது ஒரு பக்கத்தைப் புரட்டுவாள். அந்தப் பக்கத்துக்கு எந்தப் பாடத்திட்டமும் அவளை அழைத்துப் போயிருக்காது.

கவுண்டரில் உட்காருவது இன்னொரு படிப்பு. வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறொன்று. "வரலாற்றுப் புத்தகம் எங்கே?" என்பார். நீ நிதானமாக இரண்டு கேள்வி கேட்டால், 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அவர் கட்டுரை எழுதுகிறார் என்று தெரியவரும். அந்த இரண்டு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் பின்னால் நல்ல மருத்துவராகிறார்கள், நல்ல வழக்கறிஞராகிறார்கள், நல்ல ஆய்வாளராகிறார்கள். உடைந்த வங்காளத்தில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை, பேசு. ஆறு மாதத்தில் அந்த மொழி உன் நாக்கில் உட்கார்ந்துவிடும்.

கொல்கத்தாவில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தைச் சின்ன நேரம் என்று நினைக்காதே. திருச்சியில் பிறந்த ஓர் இளைஞர் 1907இல் நிதித் துறை அதிகாரியாக இந்த நகரத்தில் வந்து இறங்கினார். வயது 18. கௌரவமான உத்தியோகம், நல்ல சம்பளம். அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருநாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் தொங்கிய பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். டியூயியின் சிறு நூல் வெளிவந்த அதே ஆண்டு! சி. வி. ராமன் உள்ளே போய்க் கேட்டார்: நான் இங்கே வேலை செய்யலாமா? அவ்வளவுதான். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் ஆன காலம் போக, பத்து ஆண்டுகள் விடிகாலையில் அங்கே, பிறகு ஆபீஸ், ஆபீஸ் முடிந்து மறுபடி அங்கே. 1917இல் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, குறைந்த சம்பளத்துக்கு அரசு உத்தியோகத்தை உதறிவிட்டுப் போனார். 1928 பிப்ரவரி 28 அன்று அதே பௌபஜார் கட்டடத்தில்தான் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு. எந்தப் பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் ஒரு கதவைத் தட்டிக் கேட்டதில் ஆரம்பித்தது அத்தனையும்.

அந்தக் கட்டடத்தில் அசுதோஷ் டே என்று ஓர் உதவியாளர் இருந்தார். அஷு பாபு என்பார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். கருவிகளைத் துடைத்து, எடுத்து வைத்து, ராமனுக்குத் துணையாக நின்றவர். ராமனுடைய ஆய்வுக் கட்டுரைகளில் இணை ஆசிரியராக அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. உதவியாள் வேலை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அஷு பாபுவின் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

ராமனுக்காவது சம்பளம் இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறாயா? மேகநாத் சாகாவைப் பார். டாக்கா அருகே ஒரு கிராமத்துச் சிறு மளிகைக் கடைக்காரரின் மகன். 1905இல் ஆங்கிலேய ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு அவரும் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. பிரசிடென்சி கல்லூரியில் படித்த நாளில் விடுதியில் சாதி அவமானத்தையும் சகித்தார். பட்டம் முடித்தும் வேலை கிடைக்காத காலத்தில் தன்னையும் தம்பியையும் காப்பாற்ற, சைக்கிளை மிதித்து வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்தார். கல்கத்தாவின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு! 1920இல் நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிக்க வழி திறந்த சமன்பாட்டைக் கொடுத்தவர் அந்த டியூஷன் வாத்தியார்தான். இன்றைக்கும் கொல்கத்தாவில் கல்லூரிப் பிள்ளைகள் மாலையில் டியூஷன் எடுத்துச் செலவைப் பார்த்துக்கொள்வதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. அந்த ஊரில் வாழ்கிற நீ மட்டும் ஏன் வெட்கப்படுகிறாய்?

நம் சீர்காழிக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவருக்கு அந்த அமைதியும் தனிமையும் தாங்கவில்லை. சில நாளிலேயே பழைய வேலைக்குத் திரும்பிவிடத் துடித்தார். லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்கள் மக்களிடம் உயிரோடு இயங்குவதைக் கண்டு திரும்பியவர், விடுமுறை என்ற நினைப்பே இல்லாமல் உழைத்தார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். 1933இல் டியூயிக்கு மாற்றாகத் தனக்கென ஒரு வகைப்பாட்டு முறையையே உண்டாக்கினார். சலிப்பு அவருக்கும் வந்தது. உனக்கும் வரும். சலிப்பு வந்த வாரத்தில் முடிவெடுக்காதே என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்.

உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவருக்குக் கூலி கொடுக்கும் நூலக வேலை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. புனே பல்கலைக்கழகத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பெயரில் படிக்கும்போதே சம்பாதிக்கும் திட்டம் நடக்கிறது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் வாரமே வளாக நூலகத்தில் வேலை தேடுகிறார்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது அங்கே மாணவர் விசாவின் விதி. அந்த வரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் உனக்கு நீயே அதைப் போட்டுக்கொள். பரீட்சையைத் தின்னும் வேலை உனக்கு வேண்டாம்.

உன் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு திட்டம் இல்லையா? திட்டம் கேட்டு எழுது! நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நூலகருக்கும் பதிவாளருக்கும் மனு கொடு. மாலை நேரத்தில் ஆள் இல்லாமல் கவுண்டர் மூடிக் கிடந்தால் அதை மனுவில் குறிப்பிடு. அடுக்கப்படாமல் குவிந்து கிடக்கும் புத்தகங்களைக் குறிப்பிடு. அங்கே வழியில்லையென்றால் பேட்டை நூலகங்கள் இருக்கின்றன, தனியார் கல்லூரிகள் இருக்கின்றன, ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவுக்குப் போ. இன்னொன்று: கூலி கேட்கத் தயங்காதே. அனுபவம் கிடைக்கிறதே, சும்மா செய் என்று சொல்கிறவரிடம் மரியாதையாக, ஆனால் கறாராகச் சொல்: மணிக்கு இவ்வளவு, மாதம் இத்தனை மணி. உழைப்புக்கு விலை கேட்பது பேராசை ஆகாது. இலவசமாக உழைக்க வசதியுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் அனுபவம் போய்ச் சேர்ந்தால் அது அநியாயம்.

நூலகப் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் கேட்கிறேன். உங்கள் வாசலுக்கு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு மணி நேர வேலை கொடுங்கள். அந்த மாதம் அவன் சாப்பாடு நடக்கும். உங்கள் அலமாரியும் ஒழுங்காகும்.

தம்பி, தங்கச்சி, அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகையின் வளாகத்தில் தேசிய நூலகம் இருக்கிறதே, போயிருக்கிறாயா? 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய நூலகராக அதை நடத்தியவர் தெற்கிலிருந்து போன பி. எஸ். கேசவன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே வந்து சேர வேண்டும். தமிழ் நூலும் அதில் சேர்த்திதான். உன் மொழியின் புத்தகங்கள் அந்த நகரத்தில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அவற்றின் அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நீ ஒருவன், நீ ஒருத்தி.

இன்று ராத்திரியே ஒரு வெள்ளைத் தாளை எடு. பெயர், வகுப்பு, எந்தெந்தக் கிழமையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும் என்று எழுது. தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் ஆங்கிலத்தோடு நிறுத்திவிடாதே, தமிழையும் எழுது. நாளைக் காலையில் நூலகரைப் பார்த்து நேரில் கொடு.